புழுதி விதைப்பும் தேவ பராமரிப்பும்

“சுவாமி, போட்ட திட்டமெல்லாம் எத்தினை தரம் கவிண்டு போச்சுது. இனி என்னத்துக்குத் திட்டம்? ஆண்டவர் பார்த்துக்கொள்ளுவார்.”

வீடு சந்திக்கப் போகும்போதெல்லாம் இந்தப் பேச்சைக் கேட்கிறேன். சொல்பவர்கள் சோம்பேறிகள் அல்லர். மூன்று நான்கு தடவை இடம்பெயர்ந்து, ஒவ்வொரு முறையும் கிணற்றையும் நின்ற பயிரையும் விட்டு எழும்பியவர்கள். 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டபோது, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தவருடைய வயலும் மஞ்சளித்தது. ஆகவே அவர்களுக்கு உபதேசம் செய்ய நான் அவசரப்படுவதில்லை. ஆயினும் இந்தப் பேச்சில் பாதி விசுவாசம், பாதி களைப்பு என்பது என் எண்ணம். களைப்பை விசுவாசம் என்று எண்ணிக்கொண்டால் நட்டப்படுவது பிள்ளைகள்தான்.

வானத்துப் பறவைகளைப் பற்றி ஆண்டவர் சொன்னதை (மத்தேயு 6) எடுத்துக்காட்டுவோர் உண்டு. அங்கே அவர் விடச் சொன்னது கவலையை. விதைப்பை விடச் சொல்லவில்லை. கோபுரம் கட்டப்போகிறவன் முதலில் இருந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்ற உவமையும் அவர் சொன்னதே (லூக்கா 14). 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது மடு அன்னையின் திருச்சொரூபத்தைக் குருக்கள் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஆகஸ்டில் அது திரும்பி வந்தது. அன்னையில் நம்பிக்கையில்லாமலா கொண்டுபோனார்கள்?

இடம்பெயர்ந்த விவசாயிக்கு நான் காட்ட விரும்பும் பகுதி எரேமியா 32 ஆம் அதிகாரம். எருசலேமைப் பாபிலோனியப் படை முற்றுகையிட்டிருக்கிறது. எரேமியா காவலில் இருக்கிறார். நாடு விழப்போகிறது என்று சொன்னவரும் அவரே. அந்த வேளையில் சொந்த ஊரான அனத்தோத்தில் ஒரு வயலை 17 செக்கேல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். சாட்சிகள் கையொப்பமிடுகிறார்கள். உறுதியின் இரண்டு பிரதிகளையும் நெடுநாள் பழுதாகாமல் இருக்க மண்சாடியில் வைக்கச் சொல்கிறார். காணி மீண்டும் கைக்கு வரும் என்ற இறைவாக்கை நம்பியவர், எழுத்து வேலையில் ஒன்றையும் குறைவிடவில்லை.

நாங்களோ? 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும் 2007 இல் முள்ளிக்குளத்திலிருந்தும் எழும்பிய குடும்பங்களுள் சிலவற்றின் காணி இன்னும் முழுமையாக விடுபடவில்லை. விடுபடும் நாளுக்காகச் செபமாலை சொல்கிறோம்; நல்லது. உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்தோமா? அரச அனுமதிப்பத்திரக் காணியென்றால், தனக்குப் பின் அது யாருக்கு என்று தகப்பன் பதிந்து வைத்திருக்கிறாரா? பதியாமல் அவர் கண்ணை மூடியதால் சகோதரங்கள் முகம் பார்க்காத வீடுகள் என் பங்கிலேயே உண்டு.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். என்னைப் போன்ற அபிவிருத்தி வேலைக்காரருக்குத் திட்டமே தெய்வமாகிவிடும். மீள்குடியேறிய ஒரு கிராமத்துக்கு மூன்றாண்டுத் திட்டமொன்று தயாரித்தேன். அட்டவணை, இலக்கு எல்லாம் இருந்தன. பள்ளக் காணியில் மாரித் தண்ணீர் நிற்கும் என்று வயதானவர்கள் சொன்னது அட்டவணைக்குள் அடங்கவில்லை, நானும் கேட்கவில்லை. 2018 மார்கழி வெள்ளம் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை மூடியபோது அந்தக் கச்சான் முழுவதும் அழுகியது. எனக்கு முதலில் வந்தது சனத்தின் மேல் கோபம். ‘ஆண்டவருக்கு விருப்பமானால்’ என்று சொல்லிப் பழகும்படி யாக்கோபு எழுதியது (4 ஆம் அதிகாரம்) குருமாருக்கும் சேர்த்துத்தான் என்று பிறகுதான் உறைத்தது.

இதையெல்லாம் குருமடத்தில் படித்தவன் நான். ஆனால் சரியாகச் செய்து காட்டியவர் ஒரு வயோதிபர். புரட்டாதி முடிவு, ஒரு துளி மழை இல்லை. சிலுவை அடையாளம் போட்டுவிட்டுக் காய்ந்த புழுதியில் நெல்லை வீசிக்கொண்டிருந்தார்.

“மழை பிந்தினால் என்ன செய்வியள்?” என்று கேட்டேன்.

“பிந்தாது சுவாமி” என்றார். இன்னும் இரண்டு பிடி வீசிய பிறகு, “பிந்தினாலும், ரெண்டு உரப்பை விதைநெல் வீட்டில தனியாக் கட்டி வைச்சிருக்கிறன்” என்றார்.