கண்டக்டரைப் பிடித்து உள்ளே போடலாமா?

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஒருவன் திருட்டு நகையை மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறான். பனமலையில் இறங்கி விற்றுவிடுகிறான். போலீஸ் யாரைப் பிடிக்க வேண்டும்? அவனையா, டிக்கெட் கிழித்துக் கொடுத்த கண்டக்டரையா? இதென்ன கேள்வி என்று சிரிக்காதீர்கள். இணையம் என்று வந்துவிட்டால் நம் நாட்டில் கண்டக்டருக்கும் சேர்த்துத்தான் விலங்கு!

2004-ல் ஐ.ஐ.டி. கரக்பூர் மாணவர் ஒருவர் பாஸீ டாட் காம் என்ற ஏலத் தளத்தில் ஓர் ஆபாச வீடியோவை விற்பனைக்குப் போட்டார். அவர் மாட்டியது சரி. ஆனால் தளத்தின் தலைமை அதிகாரி அவ்னிஷ் பஜாஜும் அந்த டிசம்பரில் கைதானார். வீடியோவை எடுத்தது அவரில்லை, விற்பனைக்குப் போட்டதும் அவரில்லை. உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது 2012-ல். ஏழு வருஷத்துக்கு மேல்! அதுவும் எதற்காக? நிறுவனத்தை வழக்கில் சேர்க்காமல் அதிகாரியை மட்டும் சேர்த்தது செல்லாது என்பதற்காக.

பி.காம். மாணவர்கள் வணிகச் சட்டப் புத்தகத்தைக் கொஞ்சம் புரட்டுங்கள். ஏஜென்ட் செய்த காரியத்துக்கு முதல்வர் பொறுப்பு. ஏன்? அவர் கொடுத்த அதிகாரத்தில், அவர் சார்பில் ஏஜென்ட் செய்கிறார். மாசாமாசம் பணம் கட்டி நெட் இணைப்பு வாங்கியவர் கம்பெனியின் ஏஜென்ட்டா? வெறும் கஸ்டமர்! கஸ்டமர் செய்த குற்றத்தைக் கடைக்காரர் தலையில் எந்தக் கணக்கில் எழுதுவது?

"கம்பெனி கண்காணித்தால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. என்ன குறையும் என்பதைச் சென்னையே பார்த்துவிட்டது. 2012-ல் '3' படத்தின் திருட்டுப் பிரதியைத் தடுக்க, சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை உத்தரவு வாங்கினார்கள். நெட் கம்பெனிகள் என்ன செய்தன? திருட்டுப் படம் இருக்கும் பக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. விமியோ, டெய்லிமோஷன் என்று முழுத் தளங்களையே இழுத்து மூடின. சொந்தமாகக் குறும்படம் எடுத்து அங்கே ஏற்றி வைத்தவன் என்ன பாவம் செய்தான்? கடைசியில் ஜூன் மாதம், படம் இருக்கும் குறிப்பிட்ட முகவரியை மட்டும்தான் தடுக்க வேண்டும் என்று நீதிமன்றமே விளக்க வேண்டியதாயிற்று.

காரணம் எளிது. தடுக்காமல் விட்டால் தண்டனை. அநியாயமாகத் தடுத்தால் தண்டனை இல்லை. எந்த வியாபாரி ரிஸ்க் எடுப்பான்?

சின்னக் கடைகள் கதை இன்னும் மோசம். 2011-ல் வந்த சைபர் கஃபே விதிகள்படி, நாலு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பிரவுசிங் சென்டர்காரர்கூட வருகிறவரின் அடையாளச் சான்றை வாங்க வேண்டும், யார் எந்தத் தளம் பார்த்தார் என்ற பதிவை ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும், தடுப்பு நாலரை அடிக்கு மேல் போகக்கூடாது. பிளஸ் டூ ரிசல்ட் பார்க்க வந்த பையனுக்கு இவர் போலீஸ்காரர்!

அப்போது யாருக்குமே பொறுப்பு வேண்டாமா? வேண்டும். குழந்தைகளைச் சீரழிக்கும் படம், கொலை மிரட்டல் இதெல்லாம் உடனே போக வேண்டியவைதான். நீதிமன்றமோ அரசோ முறைப்படி ஆணையிட்ட பிறகும் நீக்காதவருக்குத்தான் பொறுப்பு என்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. நியாயமான கோடு அது. காசு வாங்கிக்கொண்டு ஒரு மோசடி விளம்பரத்தைத் தானே முன்னால் தள்ளிக் காட்டும் தளம் வேறு ரகம். அது கண்டக்டர் இல்லை, கூட்டாளி. அதைத் தாராளமாகக் கேளுங்கள்.

ஆனால் 2021 விதிகள் மறுபடி பழைய பாதைக்கே திரும்புகின்றன. 50 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள சமூக வலைத்தளங்கள் இந்தியாவில் ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும். விதிகளை நிறுவனம் சரியாகப் பின்பற்றாவிட்டால் அவர் மேலேயே வழக்குப் பாயலாம். ஜெயில் பயத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர் உங்கள் பதிவு நியாயமா என்று ஆராய்வாரா, டக்கென்று தூக்கிவிடுவாரா? நீங்களே சொல்லுங்கள்.

திருடனைப் பிடியுங்கள் ஐயா. கண்டக்டர் டிக்கெட் கொடுக்கட்டும். ஏறுகிற ஒவ்வொருவர் மடியையும் அவர் அவிழ்த்துப் பார்க்க ஆரம்பித்தால், திருடன் வேறு வண்டியில் போய்விடுவான். அவமானப்பட்டு நிற்பது மற்ற பயணிகள்தான்.