எருக்குழிக்கு இடம் எங்கே?

வீட்டுக் குப்பையை வீணாக்காதே, மக்க வை, உரமாக்கு என்று சர்க்கார் சுவருக்குச் சுவர் எழுதி வைக்கிறது. நல்ல காரியந்தான். நாம் இதை எதிர்க்கவில்லை. குப்பையும் சாணமும் சாம்பலும் சேர்ந்தால் மண்ணுக்கு உயிர் என்று விவசாயத் தொழிலாளிக்கு எந்த அதிகாரியும் ஜீப்பில் வந்து போதிக்கத் தேவையில்லை. எருக்கூடையைத் தலையில் சுமந்தவனே அவன்தான். நமது கேள்வி வேறு. குழி வெட்டுவது யாருடைய மண்ணில்?

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தை எடுத்துக்கொள்வோம். சரித்திரம் படித்தவர்களுக்குத் தெரிந்த ஊர். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் வழங்கிய கூரம் செப்பேடு, அவன் பெயரால் விளங்கிய ஏரியையும் பாலாற்றுக் கால்வாயையும் குறிப்பிடுகிறது. ஏரிக்கு அரசன் பெயர் வந்தது. மண் சுமந்தவன் பெயர் வரவில்லை. கூரம் போன்ற ஏரிப் பாசன ஊர்களில் இன்றும் நடவும் களையும் அறுப்பும் நிலமில்லாதவர் கையில்தான். காலனியில் அவர்களுக்குக் கிடைக்கும் இலவசப் பட்டா மூன்று சென்ட்டைத் தாண்டுவது அபூர்வம். அதிலே வீடு, கக்கூஸ், தண்ணீர்த் தொட்டி, கட்டினால் ஓர் ஆடு. எருக்குழியை எங்கே வெட்டுவது? அடுப்படியிலா?

குழி கிடைத்தாலும் போதாது. காய்கறித் தோலை மட்டும் கொட்டினால் அழுகி நாறும். அதோடு வைக்கோல், சருகு, கொஞ்சம் சாணம், சாம்பல் என்று அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்து, இடையிடையே கிளறிவிட்டால் உள்ளே சூடேறி மூன்று நான்கு மாதத்தில் கறுத்த எருவாகும். இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய நிபுணர் 1920களில் வகுத்த முறையும் இதுதான். அவர் கற்றுக்கொண்டது நம் நாட்டு உழவனிடமும் சீனத்து உழவனிடமும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் மாடில்லாதவனுக்குச் சாணம் ஏது? வைக்கோலையோ இயந்திரம் கட்டுக்கட்டாக உருட்டித் தள்ளுகிறது, லாரி ஏறிப் போய்விடுகிறது.

சாணத்தின் சரித்திரம் நமக்கு மறக்கவில்லை. கீழத் தஞ்சையில் மிராசுதார்கள் பண்ணையாளைச் சவுக்கால் அடித்துச் சாணிப்பால் புகட்டிய காலம் இருந்தது. தோழர் பி. சீனிவாசராவ் தலைமையில் செங்கொடிச் சங்கம் போராடி, 1944-ல் ஒப்பந்தம் கண்டு அந்தக் கொடுமைக்கு முடிவு கட்டியது.

இன்னொரு கணக்கும் உண்டு. 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து ஏறக்குறைய 20 கிலோ. தொழு உரத்தில் நூற்றுக்கு அரைப் பங்குதான் தழைச்சத்து. ஆகவே ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடு செய்ய நாலு டன் எரு வேண்டும். எரு மண்ணைப் பொலபொலப்பாக்கும், ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதை யூரியா செய்யாது. அது மெய். ஆனால் நாலு டன் எருவை யார் சேர்ப்பது, யார் சுமப்பது, என்ன கூலிக்கு?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் உத்தரவு போட்டதன் பலனை இலங்கைத் தீவில் பார்த்தோம். 2021 மே மாதம் கோத்தபய ராஜபக்ச சர்க்கார் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தது. மாற்று எருவோ கையில் இல்லை. நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலையும் குறைந்தது. நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் நஷ்டம் வந்துவிட்டது. அந்த நஷ்டத்தைச் சுமந்தது யார்? சிறு விவசாயியும், கொழுந்தை நிறை போட்டுக் கூலி வாங்கும் மலையகத் தமிழ்ப் பெண்ணும். பரம்பரை பரம்பரையாக லயன் அறையில் அடைபட்ட அவளுக்கும் எருக்குழி வெட்டச் சொந்த மண் இல்லை.

கியூபாவும் தீவுதான். 1991-ல் சோவியத் யூனியன் கலைந்த பிறகு அங்கே உரமும் எண்ணெயும் வருவது நின்றுபோனது. அவர்கள் என்ன செய்தார்கள்? பெரிய அரசுப் பண்ணைகளைக் கூட்டுறவுகளாகப் பிரித்தார்கள். பட்டணத்துக் காலி மனைகளைப் பயிர் செய்ய ஜனங்களிடம் விட்டார்கள். மண்புழு உரக் கூடங்கள் அமைத்தார்கள். எல்லாம் பொன்னாகிவிட்டது என்று நாம் சொல்லவில்லை; அந்த நாடு இன்னும் உணவை இறக்குமதி செய்கிறது. ஆனால் எருப் போடச் சொன்னபோது நிலத்தையும் சேர்த்துக் கொடுத்தது.

இங்கே நடப்பதென்ன? ஊராட்சித் தூய்மைக் காவலர், பெரும்பாலும் ஏழைப் பெண், வீடுவீடாகத் தள்ளுவண்டி தள்ளி, நம் குப்பையைத் தன் கையால் பிரித்து எருவாக்குகிறார். அவருக்குக் கொடுப்பது சம்பளமல்லவாம், 'மதிப்பூதியம்'! மதிப்பும் இல்லை, ஊதியமும் இல்லை.

ஆலைத் தோழர்களே, கிராமத்திலிருந்து ஷிப்டுக்கு வருகிறவர்கள் உங்களில் அநேகர். இது உங்கள் வீட்டுப் பிரச்னையும்தான். மே 1 அன்று கிராம சபை கூடும்போது விவசாயத் தொழிலாளரோடு சேர்ந்து உட்காருங்கள். காலனிக்கு அருகே, குடிதண்ணீர்க் கிணற்றுக்கு எட்டாத தூரத்தில், புறம்போக்கில் பொது எருக்குழிக்கு இடம் அளந்து கொடுக்கத் தீர்மானம் கேளுங்கள். ஆக்கிரமிப்பில் இருக்கும் புறம்போக்கு எவ்வளவு, யார் வசம் என்று கிராமக் கணக்கைப் படிக்கச் சொல்லுங்கள். விளையும் எருவில் குப்பை கொடுத்த குடும்பங்களுக்குப் பங்கு, தூய்மைக் காவலருக்குக் குறைந்தபட்சக் கூலி, கையுறை, இரண்டையும் தீர்மானத்தில் எழுத வையுங்கள். எழுதிய நோட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.