கல்லை எடுத்துவிட்டுப் போங்கள்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. வண்டி ஓட்டுபவர்களும், ஓட்டும் பிள்ளைகளைப் பெற்றவர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

லைசென்ஸ் வாங்கப் போனால் எட்டுப் போடச் சொல்கிறார்கள். நடுவழியில் வண்டி நின்றுபோனால் என்ன செய்வாய் என்று கேட்பதில்லை. கேட்க வேண்டும். பதில் தெரியாதவருக்கு லைசென்ஸ் தரக்கூடாது என்பது என் கருத்து.

2023 செப்டம்பரில் திருப்பத்தூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே, சுற்றுலா முடிந்து திரும்பிய வேன் ஒன்று பஞ்சராகி நின்றது. பயணிகள் இறங்கி வேனருகே உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வந்த மினி லாரி வேனில் மோதியது. ஏழு பெண்கள் இறந்தார்கள். பஞ்சர் என்பது எல்லா வண்டிக்கும் வருவதுதான். அதற்குப் பிறகு எங்கே நிற்கிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

வாத்தியார் புத்தி, ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடும். ஓட்டுநர் உங்களைப் பார்த்துக் காலை பிரேக்குக்குக் கொண்டுபோக ஒன்றரை நொடி. அதற்குள் 33 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து நிற்க இன்னும் ஏறக்குறைய அவ்வளவு தூரம் வேண்டும். அப்படியிருக்க, வண்டிக்குப் பின்னால் பத்தடியில் சிவப்பு முக்கோணத்தை வைத்து என்ன பயன்? நெடுஞ்சாலையில் நூறடி நடை நடந்து, அதற்கு மேலும் போய் வையுங்கள். நான்கு இண்டிகேட்டரையும் எரியவிடுங்கள். வண்டியில் இருப்பவர்களை இறக்கி, சாலையை விட்டு வெளியே, தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிறுத்துங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்குப் போன் செய்யுங்கள்.

முக்கோணம் இல்லாத லாரிக்காரர்கள் பெரிய கல்லும் மரக்கிளையும் வைப்பார்கள். அதைக்கூட மன்னிக்கலாம். ரிப்பேர் முடிந்ததும் கல்லை நடுரோட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்புகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன், இரவு வேலை முடிந்து பைக்கில் வரும்போது அப்படி ஒரு கல்லில் ஏறி விழுந்தான். இன்றும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறான். கல்லை வைத்தவர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. வைத்த கை எடுக்கவும் வேண்டும்.

விபத்தே நடந்துவிட்டால்? ஓடாதீர்கள். அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வதும், போலீசுக்குத் தகவல் சொல்வதும் ஓட்டுநரின் கடமை என்று மோட்டார் வாகனச் சட்டம் 134ஆம் பிரிவு சொல்கிறது. கூட்டம் அடிக்கும் என்ற பயம் நியாயமானதே. சட்டமும் அதை ஒத்துக்கொள்கிறது. அப்படியானால் நேரே அருகிலுள்ள காவல் நிலையத்துக்குப் போங்கள், போகும்போதே 108க்குச் சொல்லுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர், சோடா ஊற்ற வேண்டாம், மூச்சு அடைத்துக்கொள்ளும்.

வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நல்லெண்ணத்தோடு உதவுபவர்மீது வழக்குப் போட முடியாதபடி 2019 திருத்தத்தில் 134ஏ பிரிவு வந்துவிட்டது. உங்கள் பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. தமிழ்நாட்டில் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கக்கூடாது. ஆகவே “கேஸ் ஆகிவிடும், செலவாகிவிடும்” என்ற பழைய பேச்சை விடுங்கள்.

இன்றிரவு உங்கள் வண்டி டிக்கியைத் திறந்து, முக்கோணம் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இல்லையென்றால் நாளைக்கே வாங்கிவிடுங்கள். வீட்டில் வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.