கோடு திறந்திருக்கு, பூட்டு எங்கே இருக்கு?

2023 ஜனவரியில் சென்னை ஐஐடியில் இன்குபேட் ஆன ஒரு கம்பெனி பார்ஓஎஸ்ஸை அறிமுகப்படுத்தினப்போ, "நம்ம நாட்டோட சொந்த ஓஎஸ்"னு ஒரே பேச்சு. மத்திய அமைச்சர்களே சோதிச்சுப் பார்த்தாங்க. அடியில் இருந்தது ஆண்ட்ராய்டின் ஓப்பன் சோர்ஸ் கோடுதான், அதாவது ஏஓஎஸ்பி. அதுல தப்பே இல்லை. நாம மட்டும் ப்ராஜெக்ட்டை ஜீரோவிலிருந்தா எழுதுறோம்? ஆனா ஏஓஎஸ்பி-யில் அடுத்து என்ன வரணும்னு முடிவு பண்றது கூகுள். 2025 மார்ச்சில், இனிமே டெவலப்மென்ட் முழுக்க உள்ளுக்குள்ளேயே நடக்கும், ரிலீஸுக்கு அப்புறம்தான் கோடு வெளியே வரும்னு அறிவிச்சுட்டாங்க. லைசென்ஸ் மாறல, பிடி இறுகிடுச்சு.

சரி, ஆண்ட்ராய்டே வேணாம்னு போனவங்க? மொசில்லாவின் ஃபயர்பாக்ஸ் ஓஎஸ், 2014-ல் இன்டெக்ஸ் போனில் 1,999 ரூபாய்க்கு இந்தியாவுக்கு வந்தது. போணியாகல, மொசில்லா கைவிட்டது. கோடு திறந்திருந்ததால அதிலிருந்து கைஓஎஸ் பிறந்து, ஜியோபோனில் ஏறி, கோடிக்கணக்கான பேர் கைக்குப் போச்சு. ஜெயிச்சாச்சுன்னு நினைக்கிறீங்களா? 2018-ல் கூகுளே கைஓஎஸ் கம்பெனியில் 2.2 கோடி டாலர் போட்டது. 2024-ல் கைஓஎஸ் ஸ்டோரில் இருந்து வாட்ஸ்அப் விலகிக்கிச்சு. வாட்ஸ்அப் இல்லாத போனை யார் வாங்குவாங்க?

அதனால என் கட்சி இதுதான்: பூட்டு கோடில் இல்லை, ஆப்பில் இருக்கு. பழைய போனில் லீனியேஜ்ஓஎஸ் போட்டா போன் பறக்கும், ஆனா பல பேங்க் ஆப்புகள் திறக்காது. அவை கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனையைக் கேட்கும். கூகுள் சான்று இல்லாத ஓஎஸ் அதுல தேறாது. அப்டேட் நின்னு வருஷக்கணக்கான கம்பெனி ஓஎஸ் பல நேரம் தேறிடும், இந்த மாச செக்யூரிட்டி பேட்ச் போட்ட லீனியேஜ் தேறாது. இதுக்குப் பேர் பாதுகாப்பாம்! எங்க அபிஷேகப்பாக்கத்துல டீக்குக்கூட கியூஆர்தான். யுபிஐ ஓடாத போனை எத்தனை பேர் கொள்கைக்காக வெச்சிருப்பாங்க?

(டிரைவர், மோடம் விஷயத்தில் சிப் கம்பெனிகள் போடும் பூட்டு வேற. அது தனிக் கட்டுரை.)

கூகுளைத் தட்டிக் கேட்காத நாடு இல்லை நம்மளது. 2022-ல் போட்டி ஆணையம் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. இப்போ புது ஓஎஸ்ஸுக்கு விழா எடுக்கிறதைவிட, ரிசர்வ் வங்கியும் என்பிசிஐயும் ஒரே ஒரு விதி போடட்டும்: பணம் அனுப்பும் ஆப்புகள் ஒரே கம்பெனியின் சான்றை மட்டும் நம்பி போனை ஒதுக்கக் கூடாது. "அப்போ பாதுகாப்பு?"னு பேங்க் கேட்கும். சிப்பில் இருக்கும் சாவியை வெச்சு, ஓஎஸ்ஸில் யாரும் கை வைக்கலைன்னு சரிபார்க்க ஆண்ட்ராய்டிலேயே வழி இருக்கு. கிராஃபீன்ஓஎஸ் குழு ஆப் கம்பெனிகளிடம் அதைத்தான் கேட்டுட்டிருக்கு.