எடைக்குப் போன ரிக்கார்டு பிளேயர்

எங்க வீட்டு ரிக்கார்டு பிளேயரைப் பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போட்டவன் நான்தான். மோட்டார் ஓடியது, தட்டு சுற்றவில்லை. திறந்துகூடப் பார்க்கவில்லை. ரப்பர் பெல்ட்தான் அறுந்திருக்கும் என்று இங்கே படிக்க வந்த பிறகே உறைத்தது. “தட்டெல்லாம் இருக்கு, போட மெஷின் இல்லையேப்பா” என்கிறார் அப்பா.

செத்துப்போன சரக்கா அது? 2022-ல் அமெரிக்காவில் சி.டி.யைவிட இசைத்தட்டுகளே அதிகம் விற்றன. 1987-க்குப் பிறகு அதுவே முதல்முறை. 2010-ல் நிறுத்தப்பட்ட டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200, 2016-ல் மறுபடி வந்தது.

புதுசு வாங்க நம்மிடம் காசேது? பழுது பார்ப்பதே டிப்ளமோக்காரனுக்கு அழகு. பெல்ட்டை மாற்றுங்கள். ஊசியையும் பாருங்கள், தேய்ந்த ஊசி தட்டையே கெடுத்துவிடும். எடைக்குப் போடுமுன் ஒருமுறை ஸ்குரூ டிரைவரை எடுப்போமே!