சொன்னவரை விரட்டலாமா?

கடையில் எண்ணெய் டின் கசிகிறது என்று வேலைப் பையன் வந்து சொல்கிறான். அவனைத் திட்டினால் என்ன ஆகும்? அடுத்த முறை சாக்கைப் போட்டு மூடிவிட்டுப் பேசாமல் இருப்பான். நட்டம் நமக்குத்தான். கடல் வணிகத்திலும் இதே கதை நடந்திருக்கிறது.

2021 மே மாதம் 'எக்ஸ்பிரஸ் பேர்ல்' என்ற சரக்குக் கப்பலில், நைட்ரிக் அமிலம் ஏற்றிய கன்டெய்னர் ஒன்று கசிந்தது. மே 11-ம் தேதியே மாலுமிகள் அதைக் கண்டுவிட்டார்கள். கத்தாரின் ஹமாத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹசிரா துறைமுகத்திலும் அதை இறக்கித் தரும்படி கேட்டார்கள். இரண்டிலும் இயலாது என்று சொல்லிவிட்டார்கள். கப்பல் கொழும்புக்கு வெளியே வந்து நின்றது. மே 20-ல் தீப்பிடித்தது. ஜூன் மாதம் மூழ்கியது.

பிளாஸ்டிக் மணிகள் கரையெங்கும் ஒதுங்கின. மீன்பிடிக்கத் தடை வந்தது. மீனவரும் மீன் வியாபாரியும் பிழைப்பை இழந்தார்கள். கசிவு பற்றிய உண்மை நிலை உரிய நேரத்தில் தெரிவிக்கப்படவில்லை என்று கண்ட இலங்கை உச்ச நீதிமன்றம், 2025-ல் 100 கோடி டாலர் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது.

மறைத்தது குற்றமே. அதற்குச் சமாதானம் கிடையாது. ஆனால் சொன்ன இடத்தில் கதவைச் சாத்துவதும், சொல்லாத இடத்தில் அனுமதி கிடைப்பதும் வழக்கமானால், எந்த கேப்டன் வாய் திறப்பார்? விபத்தை மட்டுமல்ல, விபத்தாக மாறக்கூடிய நிலையையும் கப்பலிலிருந்து கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சர்வதேச விதி 1998-லிருந்து படிப்படியாக அமலுக்கு வந்தது. சொன்னவருக்கு உதவி கிடைக்காவிட்டால் விதி ஏட்டுச் சுரைக்காய்தான்.

துறைமுகங்கள் தம் தொழிலாளரின் உயிருக்கு அஞ்சுவது நியாயம். அதற்காகத்தான் கசியும் சரக்கை வாங்கிக் கையாளும் வசதியும் பயிற்சி பெற்ற ஆட்களும் பெரிய துறைமுகங்களில் இருக்க வேண்டும் என்கிறோம். அதன் பிறகு மறைப்பவரைக் கடுமையாகத் தண்டிக்கட்டும்.

இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று ஒதுக்க முடியாது. தூத்துக்குடிக்கு வரும் கன்டெய்னர்களில் பல, கொழும்பில் கப்பல் மாறித்தான் வருகின்றன. வணிகர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. நாம் அனுப்பும் சரக்கின் பெயரையும் எடையையும் உள்ளபடி எழுதுவோம். கூலி குறையும் என்று மாற்றி எழுதினால், அது யாரோ ஒரு மாலுமியின் உயிருக்கு உலை வைப்பதாகும்.

உண்மை சொல்பவருக்கு இடம் கொடுப்போம். கடையிலும் சரி, கடலிலும் சரி!