கண்ணாடி உடையலை... காசுதான் உடைஞ்சுது!

'செம பிராடக்ட் மச்சி, அந்தக் கம்பெனி ஷேரை வாங்கிப் போடு!' என்று கேன்டீனில் யாராவது அட்வைஸை அள்ளி வீசினால், உடனே தலையாட்டிடாதீங்க. முதல்ல கார்னிங் கதையைக் கேளுங்க.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கார்னிங் என்று ஒரு சின்ன ஊர். அதே பெயரில் அங்கே ஒரு கண்ணாடிக் கம்பெனி. எடிசனின் பல்புக்குக் கண்ணாடி செஞ்சு கொடுத்தது இவங்கதான். 1970-ல் மௌரர், கெக், ஷூல்ட்ஸ் என்ற மூன்று விஞ்ஞானிகள், வெளிச்சத்தை அதிகம் வீணாக்காமல் கடத்தும் ஆப்டிகல் ஃபைபரை உருவாக்கியதும் இங்கேதான். இன்னிக்கு நீங்க நெட்டில் மேய்வதே அந்தக் கண்ணாடி இழை புண்ணியத்தில்தான்!

பிராடக்ட் டிஸ்டிங்ஷன். ஷேர்?

1990-களின் கடைசியில் டெலிகாம் கம்பெனிகள் கடன் மேல கடன் வாங்கி ஃபைபரைப் புதைச்சுத் தள்ளின. 2000 செப்டம்பரில் கார்னிங் ஷேர் சுமார் 113 டாலர் (பிறகு நடந்த பங்குப் பிரிப்பைக் கணக்கில் சேர்த்து). 2002 அக்டோபரில்? 1 டாலர் 10 சென்ட்! 2001-ல் மட்டும் நஷ்டம் சுமார் 550 கோடி டாலர். உச்சத்தில் 100 ரூபாய் போட்டவர் கையில், மிச்சம் 1 ரூபாய்.

ஃபைபர் டுபாக்கூரா? இல்லவே இல்லை. நெட் வளர்ந்துக்கிட்டேதான் இருந்தது. ஆனா, பத்து வருஷத் தேவையை ரெண்டு வருஷத்திலேயே வித்துடலாம் என்று நம்பி வெச்ச விலை அது.

கம்பெனியைக் கரை சேர்த்ததில் பெரிய பங்கு எல்.சி.டி. கண்ணாடிக்கு. உருகின கண்ணாடியை ஒரு தொட்டியில் நிரப்புவாங்க. பால் பொங்குற மாதிரி ரெண்டு பக்கமும் வழிஞ்சு, கீழே ஒண்ணா சேர்ந்து தகடா இறங்கும். முகப்பில் எதுவுமே படாததால் பாலிஷே வேண்டாம். 1960-களில் கார் கண்ணாடிக்காக யோசிச்ச டெக்னிக் இது. கார்ல போணியாகலை. டி.வி., லேப்டாப்ல சக்கைப்போடு போட்டுச்சு!

இப்ப கணக்குக்கு வருவோம். 2022 கடைசியில் ஷேர் சுமார் 32 டாலர். 113-ல் வாங்கினவருக்கு 22 வருஷம் கழிச்சும் முதலில் பாதிகூட வரலை. 1.10-ல் வாங்கினவருக்கு 29 மடங்கு! அதே கம்பெனி, அதே கண்ணாடி. வாங்கின விலை மட்டும்தான் வேற.

மறுபடியும் ஃபைபருக்கு விசில் பறக்குது. 2024-ல் லூமன் என்ற டெலிகாம் கம்பெனி, ஏ.ஐ. டேட்டா சென்டர்களை இணைக்க, கார்னிங்கின் உலக ஃபைபர் உற்பத்தியில் 10 சதவிகிதத்தை ரெண்டு வருஷத்துக்கு ரிசர்வ் பண்ணியது. தேவை நிஜம்தான். ஆனா, நீங்க கேட்கவேண்டிய கேள்விகள் மூணு. வாங்குறவங்க கைக்காசில் வாங்குறாங்களா, கடன்லயா? ரெண்டு மூணு பெரிய கஸ்டமர் கையை விரிச்சா என்ன ஆகும்? இன்னும் வராத லாபத்தில் எவ்வளவு இன்னிக்கு விலையிலேயே ஏறி உட்கார்ந்திருக்கு?

இதுக்குப் பதில் கிடைக்கிற வரைக்கும் உங்க முதல் மாசச் சம்பளம் பேங்க்லயே பத்திரமா தூங்கட்டும் பாஸ். கண்ணாடியைப் பார்த்து அசருங்க... விலையைப் பார்த்து வாங்குங்க!